வாகை மரத்தை எழுதாமல் விட்டது

பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன் மேடம் என்று சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். இப்போது மணி பத்து பத்து. பத்து பதினொன்று என்று எழுத வேண்டும், சுவர்க் கடிகாரம் ஒரு நிமிஷம் பிந்தி ஓடுகிறது, தெரிந்துதான் மாற்றாமல் விட்டிருக்கிறேன், எவ்வளவு பிந்துகிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது சரியான கடிகாரம்தான். இது அவர் சொன்னது. நல்ல கருவி என்று ஒன்று கிடையாது டீச்சர், பிழை தெரிந்த கருவி, பிழை தெரியாத கருவி, இரண்டே இரண்டு ஜாதிதான் என்றார். பார், இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் அவர் சொன்னதில் வந்து நிற்கிறேன். முறத்தில் சின்ன வெங்காயம் கிடக்கிறது, செல்லக்கனி வந்து குழம்பு கூட்டுவதற்குள் உரித்து வைக்க வேண்டும். போன் மடியில் இருக்கிறது. தாமரை என்று பெயர் சொன்னாள், பூனாவில் ஏதோ ஆராய்ச்சி நிலையம், குரலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. டாக்டர் ஆவுடைநாயகத்தோட வேலையைத் திரும்பச் செய்யறோம் மேடம், அவர் விட்டுட்ட ஊரையும் சேர்க்கப் பாக்கறோம் என்றாள். எங்கள் வேலன்குறிச்சியில் அறுபத்து நாலாம் வருஷம் மே மாதம் ஒரு தாவல் இருக்கிறதாம், மத்தியான வெப்பம் திடீரென்று அரை டிகிரிக்கு மேல் ஏறி ஏறினபடியே நின்றுவிட்டதாம், சுற்றியுள்ள ஊர்களில் ஏறவில்லையாம். எனக்கு எதற்கு இதைச் சொல்கிறாய் பெண்ணே. தேதியும் காரணமும் தெரிஞ்சா சரி பண்ணிச் சேர்த்துடலாம், இல்லைன்னா அவர் விட்ட மாதிரி நாங்களும் விட வேண்டியதுதான் மேடம், வெள்ளிக்கிழமை சாயந்தரம் பட்டியலை மூடறோம், யோசிச்சு வைங்க. இன்று வெள்ளிக்கிழமை. யோசிக்க என்ன இருக்கிறது, எல்லாம் தெரியும். முப்பத்து நாலு வருஷம் காலை எட்டரைக்கும் சாயந்தரம் ஐந்தரைக்கும் அந்த வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்து எழுதியவள் நான்தான். காய்ச்சலில் எழுதியிருக்கிறேன். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து அதே கறுப்புக் கரைச் சேலையோடு எழுதியிருக்கிறேன். அத்தனையும் சேருமா, குப்பைக்குப் போகுமா என்பது இன்னும் நாற்பத்தொன்பது நிமிஷத்தில் நான் சொல்லப்போகிற ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர். மிஷன் பெண்கள் பள்ளியில் சேர்ந்த வருஷமே காம்பவுண்டுக்குள் இருந்த வானிலைப் பெட்டியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள், சின்ன டீச்சர்தானே செய்யட்டும் என்று. நாலு காலில் நிற்கிற ஒரு வெள்ளை மரப்பெட்டி, காற்றுப் போகச் சட்டம் சட்டமாகத் திறப்பு, உள்ளே நாலு தெர்மாமீட்டர், பக்கத்தில் மழைமானி. அவ்வளவுதான், அதற்கொரு கம்பிவேலி, காற்றை மட்டும் இலை அசைவதைப் பார்த்து எழுதுவது. கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் ஒன்று, கீழிருந்து பார்த்தால் ஒன்று. நான் குட்டை. ஒரு செங்கல்லைப் போட்டு அதில் ஏறி நின்று பார்ப்பேன். ஆவுடைநாயகம் வந்து முதலில் பார்த்தது அந்தச் செங்கல்லைத்தான். அறுபத்து மூன்று பிப்ரவரி, திங்கட்கிழமை. சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்று கடிதாசி வந்திருந்தது, நான் தொந்தியும் கோட்டுமாக ஒருவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்பது பத்து பஸ்ஸில் ஒல்லியாக ஒருவர் இறங்கி வந்தார், ஒரு தெர்மாமீட்டரை ஈரிழைத் துண்டில் சுற்றிப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு. அதை என் பெட்டிக்குள் வைத்து, நீங்க வாசிங்க, அப்புறம் நான் வாசிக்கேன் என்றார். வாசித்தேன். இருபத்தெட்டு புள்ளி ஏழு. அவரும் வாசித்தார், ஏழுதான். அவர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன், காதுமடல்கூடச் சிவந்தது. பெரும்பாலும் ஐந்து இல்லைன்னா பூஜ்யம்தான் எழுதுவாங்க டீச்சர், கண்ணு அங்கதான் போய் உக்காரும், நீங்க மாசாமாசம் எழுதி அனுப்புற பாரத்துல மூணும் ஏழும் ஒழுங்கா வருது, நெசமா வாசிக்கிறவங்களுக்குத்தான் அப்படி வரும் என்றார். பிறகு பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஒரு வருஷமா உங்களை எனக்குத் தெரியும் என்றார். அந்த ஒரு வாக்கியம். இருபத்து நாலு வயசு எனக்கு. அதுவரை என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், ஒருத்தி என் பல்லைக்கூடப் பார்த்தாள். தினமும் காலையில் நான் தனியாக நின்று எழுதுகிற எண்ணை வைத்து ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்றால், அப்புறம் ஒரு பெண் என்ன செய்வாள். கண் எரிகிறது. வெங்காயம்தான். முழுக்க வெங்காயம் என்று சொல்ல முடியாது.

இரண்டு நாள் இருந்தார். பயணியர் விடுதியில் தங்கினார், பள்ளிக்கூட ஹாஸ்டல் சாப்பாடு. அந்த இரண்டு நாளைத்தான் நான் அறுபது வருஷமாக வைத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வேப்பெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து சொல்லவில்லை, ஹெட்மிஸ்ட்ரஸ் பெரிய டீச்சர் முன்னால் நாற்காலியில் நேராக உட்கார்ந்துதான் சொன்னார், அவர் வேலை என்னவென்று. தெற்கே நாற்பத்து மூன்று ஊர்களின் பழைய பதிவுகளை எடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறாராம். ராத்திரிகள் முன்போலக் குளிரவில்லை, இது நெசமா, கருவிக் கோளாறா, ஆள் கோளாறா என்று பார்க்க வேண்டும். ஒரு ஊர் மட்டும் ஏறினால் அந்த ஊரில் ஏதோ நடந்திருக்கிறது, எல்லா ஊரும் ஏறினால் உலகத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அவ்வளவு லேசாகச் சொன்னார். பிற்பாடு அந்த லேசான வாக்கியத்தை வைத்துத்தான் உலகம் பூராவும் கணக்குப் போட்டார்கள், அவர் பெயரிலேயே ஒரு முறை, தாமரை மாதிரிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அன்றைக்குப் பெரிய டீச்சர் கொட்டாவி விட்டார்கள். ஒரு ஊர்ல ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்து எழுதுதாரு டீச்சர் என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமை வெயில் மட்டும் சனிக்கிழமை வெயில் மாதிரியே அடிக்கி அந்த ஊர்ல என்றார். நான் சிரித்தேன், பெரிய டீச்சர் முறைத்தார்கள். புறப்படுகிற அன்று வேலிக்கு மேற்கே நின்ற வாகை மரத்தை அண்ணாந்து பார்த்தார். மூணு மணிக்கே நிழல் பெட்டி மேல விழுந்துருது, ஆனா வெட்டிராதீங்க, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், எது மாறினாலும் தேதி போட்டு எழுதிருங்க. சரி என்றேன். எழுதலைன்னா நான்லா வந்து தேடணும் என்று சிரித்தார். பஸ் வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைத்தான் நான் சரியாக வாசிக்கவில்லை. மேலிருந்து பார்த்தேனா, கீழிருந்து பார்த்தேனா. அவர் போன பிறகு மாதாமாதம் பாரம் அனுப்பினேன், கிடைத்தது என்று அச்சடித்த கார்டு வந்தது, அடியில் அவர் கையெழுத்து, அதுவும் முதல் ஆறு மாதம்தான், பிறகு யாரோ குமாஸ்தா கையெழுத்து. பாரத்தின் மூலையில் குறிப்பு எழுத இடம் இருக்கும், பெட்டிக்குள் பல்லி, அகற்றப்பட்டது, பெட்டிச் சட்டத்தில் சிலந்தி, துடைக்கப்பட்டது, மழைமானியில் இலை. தேவைக்கு மேலேயே எழுதினேன். ஒரு தடவை, இன்று புழுக்கம், வாகை பூத்திருக்கிறது என்று எழுதினேன், அது காதல் கடிதம், வாங்கின குமாஸ்தாவுக்கு என்ன தெரியும். பதினைந்து மாதம். டீச்சர், டீச்சர், என்ன அப்படியே உக்காந்திருக்கீங்க, பாதிகூட உரிக்கலியே என்று செல்லக்கனி வந்து நிற்கிறாள், கையில் மீன் பை. போன் வரணும் கனி என்கிறேன். போன் வந்தா காதுலதான பேசணும், கை சும்மாதான இருக்கு என்று முறத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து முப்பத்தைந்து. கை சும்மா இருந்தால் நினைப்பு எங்கே போகும், அந்த மே மாதத்துக்குத்தான். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை, பெரிய டீச்சர் கொடைக்கானலில், காம்பவுண்டுக்குள் நானும் பெட்டியும்தான். மே பத்தொன்பது காலை எட்டரை வாசித்து முடித்துவிட்டு விறகுக்கடை சுடலையை வரச் சொன்னேன். மேற்குக் கிளையா டீச்சர் என்றான். மரம் என்றேன். மூட்டோடயா என்றான். மூட்டோடு என்றேன். மூன்று மணிக்குள் சாய்த்துவிட்டான், பெட்டிமேல் முதல் முறையாக முழு வெயில் விழுந்தது, நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்புக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. பெரிய டீச்சருக்கு, காற்றில் மரம் சாய்ந்துவிட்டது, ஆபத்து என்று அப்புறப்படுத்தினோம் என்று கடிதம் போட்டேன், ஊர் பூராவும் அதையே நம்பிற்று. ஒரு எண்ணைக்கூட நான் பொய்யாக எழுதியதில்லை, அதை மட்டும் இன்றைக்கும் எவர் முன்னாலும் சொல்வேன். எண்ணெல்லாம் நெசம். ஒரு மரத்தை மட்டும் எழுதாமல் விட்டேன், அவர் வந்து தேடட்டும் என்று.

பிறகு காத்திருந்தேன். அதிலும் கணக்குத்தான். ஒரு மாதத்துப் பாரத்தைப் பார்த்து ஓடிவருகிற ஆள் இல்லை அவர், கோடை ஒன்று முழுதாகப் பார்ப்பார், அடுத்த கோடையையும் பார்ப்பார், பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் பையைத் தூக்குவார், ஆக இரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது, யாருக்கும் கிடைக்காத நிம்மதி, வரப்போகிறவருக்கு நாள் மட்டும்தான் குறிக்கவில்லை. அறுபத்தாறிலிருந்து ஒன்பது பத்து பஸ் வருகிற நேரத்துக்குப் பெட்டிப் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன். மூன்று வரன் வந்து போயிற்று. அவருக்காகத்தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது மிகை, தம்பிகளைப் படிக்க வைத்தது, அம்மாவின் நோய், என் வாய், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஒவ்வொரு வரனையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நாள்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அதுவும் உண்மை. எழுபத்தொன்றில் அவர் கட்டுரை வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு படம், தெற்குப் பகுதி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நாற்பத்திரண்டு. நான் மூன்று தடவை எண்ணினேன். எங்கள் மலையடிவாரத்தில் வெறும் வெள்ளைத்தாள். அடிக்குறிப்பு ஒரு வரி, வேலன்குறிச்சி, 1964 முதல் தாவல், காரணம் தெரியவில்லை, சேர்க்கப்படவில்லை. வந்து தேடவில்லை. விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய கணக்கில் ஒரு ஊரை விடுவது ஒரு கோடு, பேனாவை வைத்து ஒரு இழுப்பு. அன்றைக்குத் திரும்பி வந்து ஐந்தரைக்கு வாசித்து எழுதினேன். ஆனால் எனக்கு இன்னொன்றும் அன்றைக்கே புரிந்தது, புரிந்ததால்தான் கோபம் வர மறுத்தது. அந்தக் கட்டுரையை அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள், ராத்திரி சூடாகிறதாம், ஃபேனைப் போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். சூடு ஏறுகிறது என்று ருசுப்பிக்க வேண்டியவர் அவர். நான் மரத்தை வெட்டி அவருக்குக் கொடுத்ததும் ஏறுகிற சூடுதான், அவர் கட்சிக்குச் சாதகமான அரை டிகிரி. அதைப் போய்த் தூக்கியெறிந்தார், காரணம் தெரியாத சாதகம் எனக்கு வேண்டாம் என்று. எந்தக் குணத்துக்காக அவர்மேல் எனக்கு ஆசை வந்ததோ அந்தக் குணம்தான் என்னைப் படத்திலிருந்து எடுத்துப் போட்டது. யாரிடம் போய் முறையிட.

எண்பத்தெட்டில் ஒரு தடவை பார்த்தேன். அதற்குள் உலகம் அவர் சொன்னதற்கு வந்து சேர்ந்திருந்தது, வெளிநாட்டில் விருது, திருநெல்வேலியில் பாராட்டு விழா. ஆறாவது வரிசையில் உட்கார்ந்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது, காதுமடல் அதே. பக்கத்தில் அவர் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல முகம், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பேசி முடிக்கிற நேரத்தில் சொன்னார். நாப்பத்து மூணுல ஒண்ணை விட்டேன், இன்னைக்கும் உறுத்துது, அதுதான் இருந்ததுலயே நல்ல கை, என்ன ஆச்சுன்னு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம், போகலை, வேலை இழுத்துட்டுப் போயிட்டு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று, சார், வாகை மரம் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். அடுத்த கேள்வியாக, ஏன் எழுதலை என்று கேட்பார், அந்த மனைவி மடியில் கூட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். மாலை போட வரிசை நின்றது, நானும் நின்றேன், எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன், ஐந்தரைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அன்று ஐந்தரை வாசிப்பு நாற்பது நிமிஷம் பிந்திற்று, பிந்தியதை எழுதியிருக்கிறேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது, தொண்ணூற்றொன்று வயசு, பேப்பரில் பாதிப் பக்கம் போட்டிருந்தார்கள். அவர் வீட்டில் யாராவது இன்னும் இருப்பார்கள், பிள்ளைகள், பேரன்கள். யாரோ ஒரு கிழவி எங்கள் அப்பாவுக்காக மரத்தை வெட்டினாளாம் என்று சிரிப்பார்களா, அசிங்கப்படுவார்களா. அவர் ஒரு பாவமும் அறியார். எனக்காவது சாகிற வயசு. சொல்லாமல் விட்டால் முப்பத்து நாலு வருஷமும் மறுபடி காரணம் தெரியவில்லை. அதனால் காற்று என்றே சொல்லிவிடலாம், ஊரே நம்பியது, இவளும் நம்புவாள், தேதியும் கிடைக்கும், காரணமும் கிடைக்கும், பதிவும் சேரும், ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பத்து ஐம்பத்தெட்டு. அடுப்படியில் செல்லக்கனி தாளிக்கிறாள்.

போன் அடித்தது. எடுத்தேன். யோசிச்சீங்களா மேடம் என்றாள். யோசிச்சேன்மா, பெட்டிக்கு மேற்க ஒரு வாகை மரம் நின்னுது, அறுபத்து நாலு மே பத்தொம்போது அன்னைக்குக் காத்துல சாஞ்சிட்டு, அப்புறம் சாயந்தர நிழல் கிடையாது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் சந்தோஷமாகக் கேட்டது. சூப்பர் மேடம், பொருந்துது, தாவல் அந்த வாரம்தான் என்றாள். பிறகு சத்தம் நின்றது. ஒரு நிமிஷம் மேடம், உங்க ரெஜிஸ்டர் ஸ்கேன் பண்ணது எங்கிட்ட திறந்திருக்கு, பத்தொம்பதாம் தேதி காலையிலும் சாயந்தரமும் காத்துக் கட்டத்துல அமைதின்னு எழுதியிருக்கீங்க, அந்த வாரம் பூராவே அமைதின்னுதான் இருக்கு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா, அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை, சுடலை வேர்த்து ஊற்றினான். பரவாயில்ல மேடம் என்றாள், பாவம், என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அறுபது வருஷம் ஆச்சே, காத்தை நீங்க ரெஜிஸ்டர்ல தப்பா எழுதியிருக்கலாம், அப்படிப் போட்டுக்கவா. என் ரெஜிஸ்டர்ல தப்புக் கிடையாது என்றேன். எனக்கே தெரியாமல் வகுப்பறைக் குரல் வந்துவிட்டது, அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மரம் விழலைம்மா. நான் வெட்டச் சொன்னேன். அவள் மெதுவாக, ஏன் மேடம் என்றாள். எழுதாம விட்டா அவரே வந்து தேட வேண்டியிருக்கும்னு டாக்டர் ஆவுடைநாயகம் எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருந்தார் என்றேன்.

பூனாவில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது. காரணம்கிற கட்டத்துல மரம் வெட்டப்பட்டதுன்னு போட்டா போதும், யார் ஏன் வெட்டினாங்கங்கறதுக்குக் கட்டமே கிடையாது, உங்க முப்பத்து நாலு வருஷமும் சேர்ந்துடுச்சு என்றாள். நல்லதும்மா என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது.

"வந்தாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

அறுபது வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஒருவருக்கும் தெரியாது, எப்படிக் கேட்பார்கள். "இல்லம்மா, வரலை" என்றேன். சத்தமாகச் சொல்லி என் காதால் கேட்ட பிறகுதான் தெரிந்தது, இன்று காலைவரை நான் அதை நம்பியிருக்கவில்லை.